வரவு வேறு கணக்கு, பற்று வேறு கணக்கு

ரொம்ப நாளாச்சு இங்கே எழுதி. வருஷக் கணக்கு முடிப்பு, அதன் பின்னாலேயே ஆடிட், ஆடிட்டர் கேட்ட கேள்விகளுக்குப் பதில், அந்தப் பதில்களின் மேல் மறுபடி கேள்விகள்... ஆணி ஜாஸ்தி. சேர்த்து வைத்ததால் இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். காப்பி எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்க.

விஷயம் ஒரு டாகுமெண்டரி. பேர் 'ஸ்டீவ் ஜாப்ஸ்: தி மேன் இன் தி மெஷின்'. எடுத்தவர் அலெக்ஸ் கிப்னி. 2015ல் வந்த படம், நான் பார்த்தது இப்போதுதான். கிப்னி யாரென்று தெரியாதவர்களுக்கு: என்ரான் கம்பெனி எப்படிக் கவிழ்ந்தது என்று 2005ல் படம் எடுத்தவர். பி.காம். படித்தவன் எவனும் அதைப் பார்க்காமல் விடக்கூடாது என்பது என் கட்சி. 2019ல் தெரனோஸ் எலிசபெத் ஹோம்ஸ் பற்றியும் ஒரு படம் எடுத்தார். கம்பெனி வெளியே சொல்வதற்கும் உள்ளே நடப்பதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளிதான் மனிதருக்குப் பிடித்த இடம் போல.

ஜாப்ஸ் 2011 அக்டோபர் 5ஆம் தேதி இறந்தார். வயது 56. உலகம் முழுக்க ஆப்பிள் கடை வாசல்களில் மெழுகுவர்த்தி, பூங்கொத்து, ஒரு கடி கடித்து வைத்த ஆப்பிள் பழம். அழுதவர்களில் பெரும்பாலோர் அவரை நேரில் பார்த்ததுகூட இல்லை. பாடகருக்கோ நடிகருக்கோ அழுதால் புரிகிறது, ஒரு கம்பெனி நடத்தியவருக்கு ஏன் இவ்வளவு பேர் அழுகிறார்கள்? கிப்னி இந்தக் கேள்வியில்தான் படத்தை ஆரம்பிக்கிறார். அதுவும், தானும் பையில் ஐபோன் வைத்திருக்கும் ஆள் என்பதை மறைக்காமல்.

ஜாப்ஸ் செய்ததைக் குறைத்துச் சொல்லும் படம் இல்லை இது. 1976ல் ஆப்பிள், 1984ல் மேகின்டாஷ், 1985ல் சொந்தக் கம்பெனியிலிருந்தே வெளியேற வேண்டி வந்தது, 1997ல் மூழ்கப் போகிற நிலையில் இருந்த அதே கம்பெனிக்குத் திரும்பி வந்தது, பிறகு ஐமேக், ஐபாட், ஐபோன், ஐபேட். கம்ப்யூட்டர் என்றால் ஆபீஸ் சாமான் என்று இருந்ததை, மனுஷன் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கும் பொருளாக மாற்றியவர். அதையெல்லாம் ஒத்துக்கொண்டுதான் கிப்னி மறுபக்கம் போகிறார்.

மறுபக்கத்தில் முதல் ஆள் ஸ்டீவ் வாஸ்னியாக். அது ஆப்பிள் பிறப்பதற்கு முந்தின காலம். அடாரி என்ற வீடியோ கேம் கம்பெனி ஜாப்ஸிடம் ஒரு வேலை கொடுத்தது. 'பிரேக்அவுட்' என்ற விளையாட்டுக்கான சர்க்யூட்டை முடிந்தவரை குறைந்த சிப்களில் செய்ய வேண்டும். ஜாப்ஸுக்கு அது வராது. நண்பர் வாஸ்னியாக்கிடம் கொடுத்தார். வாஸ்னியாக் நாலு நாள் ராத்திரி பகலாக உட்கார்ந்து முடித்தார். 700 டாலர் கிடைத்தது, ஆளுக்குப் பாதி என்று சொல்லி ஜாப்ஸ் 350 டாலர் கொடுத்தார். அடாரி உண்மையில் கொடுத்தது பல ஆயிரம் டாலர் என்பது வாஸ்னியாக்குக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. தனக்கு அப்படி நினைவில்லை என்பது ஜாப்ஸ் தரப்பு. அவர் கேட்டிருந்தால் முழுப் பணத்தையும் கொடுத்திருப்பேன் என்று சொல்கிற ரகம் வாஸ்னியாக்.

அடுத்து டேனியல் காட்கி. கல்லூரித் தோழர். 1974ல் ஜாப்ஸ் இந்தியா வந்தபோது கூட வந்து சுற்றியவர். நைனிடால் பக்கம் கைஞ்சியில் இருந்த நீம் கரோலி பாபாவைப் பார்க்க வந்தார்கள். வந்து சேர்ந்தபோது பாபா இல்லை, முந்தின வருஷமே காலமாகிவிட்டார். ஊர் திரும்பி, ஆப்பிள் ஆரம்பித்தபோது கேரேஜில் உட்கார்ந்து போர்டு சாலிடர் செய்தவர்களில் காட்கியும் ஒருவர். 1980 டிசம்பரில் கம்பெனி பங்குச் சந்தைக்கு வந்தது. பல பேர் ஒரே நாளில் கோடீஸ்வரர்கள். காட்கிக்கு ஜாப்ஸ் ஒரு பங்கு கூடக் கொடுக்கவில்லை. தன் பங்கிலிருந்து கொஞ்சம் எடுத்து இப்படி விடுபட்டவர்களுக்குக் கொடுத்தவர் யார் தெரியுமா? அந்த 350 டாலர் வாஸ்னியாக்தான்.

அதே டிசம்பரில் நடந்த இன்னொன்று. ஜாப்ஸுக்கும் கிறிஸான் பிரென்னனுக்கும் 1978ல் லிசா பிறந்தாள். அது என் குழந்தையே இல்லை என்றார் ஜாப்ஸ். தாயும் குழந்தையும் அரசு உதவிப் பணத்தில் வாழ்ந்தார்கள். அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்டு கவுன்டி நிர்வாகம் வழக்குப் போட்டது. ரத்தப் பரிசோதனை அவர்தான் தகப்பன் என்று காட்டிய பிறகும் இழுத்தடித்து, கடைசியில் மாதம் 500 டாலர் ஜீவனாம்சத்துக்கு ஒத்துக்கொண்டார். வழக்கு முடிந்தது 1980 டிசம்பர் 8. ஆப்பிள் சந்தைக்கு வந்தது டிசம்பர் 12. நாலே நாள் இடைவெளி. அந்த நாலாம் நாள் அவர் சொத்து மதிப்பு 20 கோடி டாலருக்கு மேல். தேதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எங்கள் தொழில் வியாதி. அவசரமாக ஏன் முடித்தார்கள் என்று விளக்கத் தேவையில்லை. பின்னால் அவர் லிசாவை மகளாக ஏற்றுக்கொண்டார், அவள் வளர்ந்த பிறகு வீட்டில் கூட வைத்துக்கொண்டார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

படத்தில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தவர் பாப் பெல்வில். மேகின்டாஷ் பிரிவில் இன்ஜினியரிங் தலைவராக இருந்தவர். அந்த வேலை அவர் குடும்ப வாழ்க்கையையே காவு வாங்கிவிட்டது. மனைவி பிரிந்தார். அப்படிப்பட்டவர், ஜாப்ஸ் இறந்தபோது தான் எழுதி வைத்ததை கேமரா முன்னால் படிக்கிறார். படிக்கும்போதே உடைந்து அழுகிறார். நடந்ததை மன்னித்துவிட்டாரா என்றால் அப்படியும் தெரியவில்லை. அந்த நாட்களைப் போல இன்னொன்று கிடைக்காது என்கிற ஏக்கமும், அதற்குக் கொடுத்த விலையும் இரண்டும் முகத்தில் இருக்கிறது. இந்த மனிதரைப் பிறகு மறுபடி சொல்கிறேன்.

இப்போது என் ஏரியாவுக்கு வருவோம். ஸ்டாக் ஆப்ஷன். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், காமர்ஸ் ஆட்கள் பொறுத்துக்கொள்ளவும்.

இன்றைக்குப் பங்கின் விலை 100 ரூபாய். இந்த விலைக்கே நாலு வருஷம் கழித்தும் வாங்கிக்கொள்ளலாம் என்று கம்பெனி உங்களுக்கு ஒரு உரிமை எழுதிக் கொடுக்கிறது. அதுதான் ஆப்ஷன். நீங்கள் உழைத்து, கம்பெனி வளர்ந்து, பங்கு 150 ஆனால் 50 உங்களுக்கு லாபம். வளராவிட்டால் ஒன்றுமில்லை. நியாயமான ஏற்பாடு. ஆனால் இன்றைக்கு விலை 100 ஆக இருக்கும்போது, போன மாசம் 80 ஆக இருந்த ஒரு தேதியைப் பார்த்து அன்றைக்கே கொடுத்ததாகக் காகிதம் தயார் செய்தால்? உழைக்காமலே 20 ரூபாய் கையில். அந்த 20 ரூபாயைச் சம்பளச் செலவாகக் கணக்கில் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் கம்பெனியின் லாபம் பொய்யாக உப்பித் தெரியும். முன்தேதி போடுவது என்பது இதுதான். எங்கள் கிளையில் ஒரு ஆயிரம் ரூபாய் வவுச்சருக்கு முன்தேதி போட்டாலே வேலைக்கு ஆபத்து.

ஆப்பிளில் ஜாப்ஸுக்கு 75 லட்சம் ஆப்ஷன் கொடுத்ததாக ஆவணம். தேதி 2001 அக்டோபர் 19. அன்றைய விலை 18.30 டாலர். உண்மையில் முடிவானது டிசம்பர் 18. அன்றைய விலை 21.01. வித்தியாசம் 2.71 டாலர். 75 லட்சத்தால் பெருக்கினால் 2 கோடி டாலருக்குக் கொஞ்சம் மேலே. அக்டோபர் 19ல் போர்டு கூட்டமே நடக்கவில்லை, நடந்ததாக மினிட்ஸ் எழுதப்பட்டது என்று அமெரிக்காவின் எஸ்.இ.சி., நம்ம ஊர் செபி மாதிரி, 2007 ஏப்ரலில் சொன்னது. மற்ற அதிகாரிகளுக்கான 48 லட்சம் ஆப்ஷனிலும் இதே கதை. ஆப்பிள் பழைய கணக்குகளைத் திருத்தி எழுதி, வரி போக 8.4 கோடி டாலர் செலவைக் கூடுதலாகக் காட்ட வேண்டி வந்தது.

சரி, யார் மாட்டினார்கள்? கம்பெனி வழக்கறிஞர் நான்சி ஹைனன், நிதித் தலைவராக இருந்த ஃப்ரெட் ஆண்டர்சன். ஆண்டர்சன் சுமார் 35 லட்சம் டாலரும், ஹைனன் 2008ல் 22 லட்சம் டாலரும் கட்டி, குற்றத்தை ஒத்துக்கொள்ளாமலும் மறுக்காமலும் வழக்கை முடித்தார்கள். கணக்கில் இப்படி ஒரு சிக்கல் வரும் என்று ஜாப்ஸிடம் எச்சரித்தேன், போர்டு ஒப்புதல் இருக்கிறது என்று அவர் சொன்னார் என்பது ஆண்டர்சன் தரப்பு அறிக்கை. ஜாப்ஸுக்கு நல்ல தேதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டது தெரியும், சில சமயம் அவரே சொன்னதும் உண்டு, ஆனால் அதன் கணக்கியல் விளைவு அவருக்குப் புரிந்திருக்கவில்லை என்பது கம்பெனியின் உள் விசாரணை முடிவு. ஜாப்ஸ் மேல் எஸ்.இ.சி. வழக்கு இல்லை. நியாயமாக இன்னொன்றும் சொல்ல வேண்டும்: அந்த ஆப்ஷன்களை அவர் 2003லேயே விட்டுக்கொடுத்து, பதிலுக்கு வேறு பங்குகள் பெற்றுக்கொண்டார்.

இந்த விவகாரத்தில் ஜாப்ஸ் 2008ல் கொடுத்த வாக்குமூலத்தின் வீடியோவை கிப்னி காட்டுகிறார். வெளிச்சமில்லாத அறை, நாற்காலியில் நெளிந்துகொண்டு ஒரு மனிதர். மேடையில் கறுப்பு டர்ட்டில்நெக் போட்டு உலகத்தை மயக்கிய அதே ஆள். இது பணத்துக்காக இல்லை, எல்லாரும் மற்றவர்களின் அங்கீகாரத்தை விரும்புகிறார்கள், போர்டு எனக்கு அதைச் செய்யவில்லை என்று பட்டது என்கிற ரீதியில் பேசுகிறார். வருஷத்துக்கு ஒரு டாலர் சம்பளம் என்று பேர் வாங்கியவர் பேசுகிற பேச்சு அது.

இன்னும் இருக்கிறது. 2010ல் சீனாவில் ஆப்பிளுக்குப் பொருள் செய்து கொடுக்கும் ஃபாக்ஸ்கான் தொழிற்சாலைகளில் பத்துக்கும் மேற்பட்ட இளம் தொழிலாளர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள். கட்டடங்களைச் சுற்றி வலை கட்டினார்கள். அதைப் பற்றி மேடையில் கேட்டபோது, அங்கே உணவகம், தியேட்டர், நீச்சல்குளம் எல்லாம் இருக்கிறது என்று ஜாப்ஸ் சொன்னார். அப்புறம், உன் ஆளை நான் வேலைக்கு எடுக்க மாட்டேன், என் ஆளை நீ எடுக்காதே என்று பெரிய கம்பெனிகள் தங்களுக்குள் போட்டுக்கொண்ட ரகசிய ஒப்பந்தம். ஆப்பிள் ஆளைக் கூப்பிட்ட ஒரு கூகுள் ஊழியரை வேலையை விட்டு நீக்குகிறோம் என்று தகவல் வந்தபோது, ஜாப்ஸ் அதைத் தன் ஆபீஸுக்கு அனுப்பிய மெயிலில் இருந்தது ஒரு சிரிப்பு முகம் மட்டும். நாமெல்லாம் போடுவோமே :) அதேதான். நீதிமன்ற ஆவணத்தில் இருக்கிறது. நாலு கம்பெனிகள் சேர்ந்து 41.5 கோடி டாலர் கொடுத்து அந்த வழக்கு 2015ல் முடிந்தது.

இப்படி ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்து பாதி படிப்பும் பாதி படமுமாக இருந்த என் மகள், பன்னிரண்டாம் வகுப்பு, ஒரே கேள்வி கேட்டாள்.

"அதெல்லாம் சரிப்பா. ஆனா போன் நல்லா இருக்குல்ல?"

இதற்குப் பதில் யோசிக்கத்தான் இந்தப் பதிவே. ஏனென்றால் இது குழந்தை கேட்கிற கேள்வி மட்டும் இல்லை. எங்கள் டிரெயினிங் சென்டர்களில் 'லீடர்ஷிப்' வகுப்பு என்றால் முதலில் போடுவது 2005ல் ஜாப்ஸ் ஸ்டான்ஃபோர்டில் பேசிய பேச்சு. நல்ல பேச்சு, நானே ரெண்டு தடவை கண் கலங்கியிருக்கிறேன். அது முடிந்ததும் வகுப்பு எடுப்பவர் சொல்வார்: பெரிய காரியம் செய்பவர்கள் கொஞ்சம் முரடாகத்தான் இருப்பார்கள், ரிசல்ட்டைப் பாருங்கள். இந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு வளர்ந்த மேலதிகாரிகள் எத்தனை பேர் என்று வேலைக்குப் போகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

மகளுக்கு நான் சொன்ன பதில் பேங்க்காரன் பதில். வங்கியில் 'செட் ஆஃப்' என்று ஒரு உரிமை உண்டு. உங்கள் டெபாசிட் எங்களிடம் இருக்கிறது, உங்கள் கடனும் பாக்கி நிற்கிறது. நோட்டீஸ் கொடுத்துவிட்டு டெபாசிட்டை எடுத்துக் கடனை நேர் செய்துகொள்ளலாம். ஆனால் ஒரு நிபந்தனை. இரண்டு கணக்கும் அதே ஆளுடையதாக, அதே உரிமையில் இருக்க வேண்டும். அப்பா வாங்கின கடனுக்கு, அவர் கார்டியனாக இருந்து நடத்தும் மைனர் மகளின் கணக்கில் கை வைக்க முடியாது. பெயர் ஒன்றாகத் தெரிந்தாலும் பணம் அந்தக் குழந்தையுடையது.

போன் நல்லா இருக்கு. அது எனக்கும் உனக்கும் கிடைத்த வரவு. லிசாவுக்கு வர வேண்டியது வராமல் போனது லிசாவின் கணக்கில் இருக்கும் பற்று. காட்கிக்குக் கிடைக்காத பங்கு காட்கியின் கணக்கு. வலை கட்டின கட்டடத்தில் வேலை பார்த்த பையனின் கணக்கு இன்னொன்று. என் வரவைக் காட்டி அவர்கள் பற்றை நேர் செய்ய எனக்கு யார் அதிகாரம் கொடுத்தது? லிசா நேர் செய்துகொள்ளலாம், அது அவர் உரிமை. 2018ல் 'ஸ்மால் ஃப்ரை' என்று தன் கதையைத் தானே எழுதினார். வாஸ்னியாக் தன் பாக்கியைத் தள்ளுபடி செய்யலாம், செய்தும் விட்டார். போன் வாங்கினவன் செய்ய முடியாது.

மகள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்போ அவர் நல்லவரா கெட்டவரா?" என்றாள். மொத்தமாகக் கூட்டி ஒரு பேலன்ஸ் எடுக்கிற வேலையே வேண்டாம், தனித்தனியாக வைத்துக்கொள் என்றேன். அவளுக்கு அவ்வளவு திருப்தி இல்லை. "மார்க் போடணும்ல" என்றாள்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு அக்கறை என்று கேட்டால், அதற்கு ஒரு காரணம் இருக்கிறது.

2006. எங்கள் வங்கியில் கிளைகளை கோர் பேங்கிங்குக்கு மாற்றிக்கொண்டிருந்த காலம். வேலைக்குச் சேர்ந்து மூணு வருஷம், முதல் தடவை நாக்பூர் வந்திருந்தேன். பிறகு ஊர் ஊராகச் சுற்றி இப்போது மறுபடி இங்கேயே வந்திருக்கிறேன். அப்போது ஜோனல் ஆபீஸில் ஒரு பெரிய அதிகாரி. பெயர் வேண்டாம். நாங்கள் 'சாப்' என்றுதான் சொல்வோம். மற்ற ஜோன்களில் எல்லாம் இதெல்லாம் கிராமத்துக் கிளைக்குச் சரிவராது என்று தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தபோது, எங்கள் ஜோனில் கடைசிக் கிளை வரை இந்தத் தேதிக்குள் முடிக்க வேண்டும் என்று சுவரில் எழுதி ஒட்டினவர் அவர். விதர்பாவில் அப்போது தினமும் மணிக்கணக்கில் கரண்ட் கட். ஜெனரேட்டர் சத்தத்தில் ராத்திரி ரெண்டு மணி வரை எங்களோடு உட்கார்ந்திருப்பார். எங்களைவிட அதிகம் உழைத்தார், அதில் சந்தேகமே இல்லை.

பலன்? வர்தா பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு பென்ஷன் வாங்கும் அம்மா, நாக்பூரில் மகள் வீட்டுக்கு வந்த இடத்தில், எங்கள் கவுன்டரில் பணம் எடுத்தார். தன் கிளைக்கு வெளியே பணம் கிடைக்கும் என்பதை நம்பாமல் பாஸ்புக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அன்றைக்குச் சாப் மேல் எனக்கு வந்த மரியாதை இன்றைக்கும் குறையவில்லை.

அதே நாட்களில் எங்கள் கிளையில் ஒரு சீனியர். திண்டுக்கல்காரர். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். பழைய லெட்ஜர் பாக்கிகளை எல்லாம் சிஸ்டத்தில் ஏற்றும்போது ஜி.எல். டேலி ஆகவில்லை. வித்தியாசத்தைத் தேட ஒரு வாரமாவது வேண்டும் என்றார் அண்ணன். மறுநாள் தேதி, சுவரில் ஒட்டின தேதி. எல்லார் முன்னாலும் சாப் கத்தினார். கிளர்க் வேலைக்குக்கூட லாயக்கில்லை என்றார். "சஸ்பென்ஸில் போடு, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார். நான் பக்கத்து சீட்டில் இருந்தேன். அண்ணன் போட்டார். அவருடைய ஐ.டி.யில், அவருடைய கையெழுத்தில்.

சொன்ன தேதியில் கிளை மாறியது, கேக் வெட்டினோம். அப்புறம் பார்த்துக்கொள்ள யாரும் வரவில்லை. அடுத்த வருஷம் இன்ஸ்பெக்ஷனில் சஸ்பென்ஸ் என்ட்ரிகள் அப்படியே நின்றன. அதில் ஒன்றின் பின்னால் பழைய மோசடி ஒன்று இருந்தது. அண்ணனுக்கு சார்ஜ் ஷீட். விசாரணையில் அவர் தரப்பு சாட்சியாகப் போய், என் காதால் கேட்டதை அப்படியே சொன்னேன், எழுதியும் கொடுத்தேன். எழுத்துப்பூர்வ ஆதாரம் இல்லை என்று ரிப்போர்ட் வந்தது. உண்மைதான், வாயால் போட்ட உத்தரவுக்கு வவுச்சர் கிடையாது. ரெண்டு இன்கிரிமென்ட் போச்சு, பிரமோஷன் போச்சு. 2019ல் அதே ஸ்கேலில் ரிட்டையர் ஆனார். சாப் அதற்குள் ரெண்டு படி மேலே போய், மரியாதையாக ஓய்வு பெற்றிருந்தார்.

ஹைனனும் ஆண்டர்சனும் காசு கட்டின கதையைப் படத்தில் பார்க்கும்போது எனக்கு அண்ணன் ஞாபகம் வராமல் வேறு யார் ஞாபகம் வரும்? அவர்கள் லட்சக்கணக்கான டாலர் சம்பாதித்தவர்கள், அண்ணன் மாதச் சம்பளக்காரர், ரெண்டும் ஒன்றில்லை. ஆனால் காகிதத்தில் யார் கை பட்டதோ அவர் பதில் சொல்கிறார், யாருக்காகப் பட்டதோ அவர் சொல்வதில்லை. அது ரெண்டு இடத்திலும் ஒன்றுதான்.

படத்தின் மேல் எனக்குக் குறையும் உண்டு. எல்லாவற்றையும் ஜாப்ஸ் என்கிற ஒரு மனிதரின் குணமாகவே கிப்னி பார்க்கிறார். ஜென் பௌத்தம், ஜப்பான் தோட்டம், உள்ளே இருந்த வெறுமை என்று போகிறார். ஆப்பிள் போர்டு என்ன செய்துகொண்டிருந்தது, அவ்வளவு பெரிய மனிதர்கள் உட்கார்ந்த மேஜையில் ஏன் யாரும் நிறுத்தவில்லை என்பதில் அவ்வளவு நேரம் செலவழிக்கவில்லை. மனைவி லாரீன் பேசவில்லை, கம்பெனியும் ஒத்துழைக்கவில்லை. பிக்ஸார் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. படம் வந்தபோது ஆப்பிளின் எடி க்யூ இது என் நண்பரே இல்லை என்கிற மாதிரி வெளிப்படையாகக் கோபப்பட்டார். அந்தக் கோபத்தை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் கணக்கில் வரவு இருந்திருக்கும், அதை அவர் சொல்கிறார்.

ஆனாலும் கிப்னிக்கு ஒரு நன்றி. பாப் பெல்வில்லை வெட்டி ஒட்டாமல் முழுசாக அழவிட்டதற்கு. அந்த மனிதர் எதையும் எதோடும் நேர் செய்யவில்லை. மேகின்டாஷ் செய்த பெருமையும் இருக்கிறது, குடும்பம் போனதும் இருக்கிறது. ரெண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். மகளிடம் சொல்ல நினைத்து வார்த்தை கிடைக்காமல் போனது இதுதான்.

அடுத்த மாசம் அந்த கோர் பேங்கிங் காலத்து ஆட்கள் எல்லாம் நாக்பூரில் கூடுகிறோம். சாப் வருகிறார், சால்வை போடப் போகிறார்கள். என்னை ஐந்து நிமிஷம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். வயதானவர், சபையில் வைத்துக் கணக்குத் தீர்க்கிற இடம் அது இல்லை. அதற்காக எல்லாத்தையும் மறந்து மாலை போடுகிற இடமும் இல்லை.

நேற்று ராத்திரி அண்ணனுக்குப் போன் போட்டேன். இப்படி ஒரு விழா, இப்படிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் வீட்டு டிவி சத்தம் கேட்டது.

"அந்தாளு இல்லேன்னா அது நடந்திருக்காது தம்பி. அதைச் சொல்லு" என்றார்.

"சொல்றேண்ணே."

"கிளை மாத்துன டீம் பேரெல்லாம் வாசிப்பியா?"

"வாசிப்பேன்."

"என் பேரையும் சேத்துக்க. இனிஷியலோட."

பேச்சில் இரண்டு விஷயம் இருக்கும். வர்தா அம்மா பாஸ்புக்கைத் திருப்பிப் பார்த்த கதை ஒன்று. வேலை செய்தவர்கள் பட்டியல் இன்னொன்று, யார் யார் எதை இழந்து செய்தார்கள் என்பதோடு. அண்ணன் பெயருக்கு நேராக, தேதி தவறாமல் இருக்க அவர் தன் கையெழுத்தைக் கொடுத்தார், அதற்கு ரெண்டு இன்கிரிமென்ட் விலை கொடுத்தார் என்று ஒரே ஒரு வரி. சாப் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். அதை என்ன செய்வது என்பது அவர் பாடு.

பின்குறிப்பு: படம் ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே. வேலைக்குப் போகும் வயதில் பிள்ளை இருந்தால் சேர்ந்து பாருங்கள். மார்க் போடச் சொல்லிக் கேட்டால் என்ன பதில் சொன்னீர்கள் என்று எனக்கும் சொல்லுங்கள், இங்கே இன்னும் பஞ்சாயத்து முடியவில்லை :-)